1975இல் தோலுக்கு நேர்ந்தவை: முதல் சிகிச்சையைத் தேர்வது குறித்துச் சில குறிப்புகள்

1

அழகு பற்றி நம் சூழலில் பேச்சு வரும்போதெல்லாம் இரண்டு பதில்கள்தான் தயாராக இருக்கின்றன. ஒன்று, ‘இதெல்லாம் நுகர்வுக் கலாச்சாரம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவது. மற்றது, ‘அவங்கவங்க உடம்பு, அவங்கவங்க இஷ்டம்’ என்று தாராளவாதத் தொனியில் ஒதுங்கிக்கொள்வது. முதல் பதிலைச் சொல்பவர் புரட்சிக்காரர் போலவும் இரண்டாவதைச் சொல்பவர் ஜனநாயகவாதி போலவும் தோற்றமளிக்கிறார்கள். ஆனால் இருவரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள். அந்தச் சிகிச்சை அறைக்குள் என்ன நடக்கிறது என்று இருவருமே கேட்பதில்லை. முகத்தில் தடவப்படும் அமிலம் எங்கிருந்து வந்தது, முதலில் யாருடைய உடம்பில் தடவிப் பார்க்கப்பட்டது, எந்தத் தோலை மனதில் வைத்து அதன் அளவு நிர்ணயிக்கப்பட்டது என்பதெல்லாம் நம் விமர்சனத்துக்கு வெளியே கிடக்கின்றன.

இன்று மாவட்டத் தலைநகரங்களில் மட்டுமல்ல, தாலுகா ஊர்களிலும் ‘ஸ்கின் கிளினிக்’ பலகைகள் தொங்குகின்றன. கெமிக்கல் பீல், லேசர், மைக்ரோநீடிலிங், போட்டாக்ஸ், ஃபில்லர் என்று ஒரு பட்டியல். கீழே, ‘அறுவை சிகிச்சை இல்லை’ என்ற வாசகம். ஜவுளிக்கடைக் கவுண்டரில் பத்து மணிநேரம் நிற்கும் பெண், பருத்தழும்போடு வேலைக்கான நேர்காணலுக்குப் போகும் பையன், கல்யாணம் நிச்சயமான பிறகு ‘பேக்கேஜ்’ விசாரிக்க அனுப்பப்படும் பெண், பிள்ளை பெற்றபின் கன்னத்தில் மங்கு விழுந்தவர் என்று பலரும் அந்தப் பலகையின் முன் நிற்கிறார்கள். ‘உங்களுக்கு எது பொருத்தமோ அதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்’ என்று அவர்களிடம் சொல்லப்படுகிறது. தமிழில் தேர்வு என்ற சொல்லுக்குப் பரீட்சை என்றும் பொருள் இருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அங்கே நிற்பவர் தேர்வு செய்கிறாரா, தேர்வு எழுதுகிறாரா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

‘அறுவை இல்லை’ என்பது ஓர் எதிர்மறை வரையறை. என்ன இல்லை என்று சொல்வதன் மூலம் என்ன இருக்கிறது என்பதை அது மறைக்கிறது. கெமிக்கல் பீல் என்பது அமிலத்தால் தோலின் மேலடுக்கை எரித்து உரிப்பது. லேசர் என்பது ஒளியை வெப்பமாக்கித் தோலுக்குள் ஓர் இலக்கைச் சுடுவது. மைக்ரோநீடிலிங் என்பது நூற்றுக்கணக்கான நுண்ணிய துளைகளைப் போடுவது. கத்தி இல்லை, சரி. காயம் இருக்கிறது. காயம் ஆறும்போது புதுத் தோல் வரும் என்பதுதான் இம்மூன்றின் தர்க்கமும். எனவே முதல் சிகிச்சையைத் தேர்பவர் கேட்க வேண்டிய கேள்வி ‘எது நல்லது?’ என்பது மட்டுமல்ல. ‘காயத்துக்கு என் தோல் என்ன பதில் சொல்லும்?’ என்பதுதான் அடிப்படைக் கேள்வி. நம் ஊர்த் தோல் பெரும்பாலும் கறுத்துத்தான் பதில் சொல்லும். கொசு கடித்த இடம், பரு உடைந்த இடம், சுடுதண்ணீர் கொட்டிய இடமெல்லாம் மாதக்கணக்கில் கறுப்பாக நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். கறுப்பைப் போக்கச் செய்த காயமே புதிய கறுப்பை உண்டாக்கிவிட்டால்? மருத்துவ நூல்கள் இதற்கு நீளமான பெயர் வைத்திருக்கின்றன. ஆனால் அந்த நூல்களின் மையத்தில் நெடுங்காலம் இருந்தது வேறு தோல்.

2

அமிலத்திலிருந்து தொடங்கலாம். 1882இல் ஹாம்பர்க்கைச் சேர்ந்த தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா சாலிசிலிக் அமிலம், ரெசார்சினால், டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம், பீனால் ஆகியவை தோலில் என்ன செய்கின்றன என்று விவரித்தார். இன்றைய கிளினிக் அலமாரியில் இருப்பவற்றில் பாதி அப்போதே வந்துவிட்டது. நியூயார்க்கில் ஜார்ஜ் மில்லர் மெக்கீ 1903இலிருந்து பருத்தழும்புகளுக்குப் பீனாலைப் பயன்படுத்திவந்தார். ஆனால் அதை அவர் கட்டுரையாக்கியது 1952இல். இடைப்பட்ட காலத்தில் மருத்துவத்துக்கு வெளியே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஹாலிவுட்டைச் சுற்றிப் பட்டம் பெறாத ‘உரிப்பவர்கள்’ பீனால் கலவைகளை ரகசியமாக வைத்துக்கொண்டு தொழில் செய்தார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். மருத்துவர்கள் அவர்களைப் போலிகள் என்றார்கள். 1960களின் தொடக்கத்தில் மயாமியைச் சேர்ந்த தாமஸ் பேக்கரும் ஹோவர்ட் கார்டனும் ஒரு சூத்திரத்தை வெளியிட்டதும் அதே வகைக் கலவை விஞ்ஞானமாகிவிட்டது. பீனால், நீர், திரவ சோப்பு, சில துளி குரோட்டன் எண்ணெய். அறிவு யார் கையில் இருக்கிறதோ அதைப் பொறுத்து அது போலியாகவும் விஞ்ஞானமாகவும் மாறுவதைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். இது அதற்கு இன்னொரு உதாரணம்.

குரோட்டன் எண்ணெய் வேறொன்றும் இல்லை, நம் சித்த மருத்துவர்கள் பேதிக்குக் கொடுக்கும் நேர்வாளத்தின் எண்ணெய்தான். உடனே ‘எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்’ என்று மார்தட்டிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. பீனால் தோல் வழியாக ரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடியது. தோலின் நிறத்தையும் நிரந்தரமாக அழிக்கக்கூடியது. வெள்ளைத் தோலில் அந்த நிற இழப்பு கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. கறுத்த தோலில் அது முகமூடி போட்டதுபோல எல்லை கட்டி நிற்கும். ஒரே சூத்திரம் ஒரு தோலில் சிகிச்சையாகவும் இன்னொன்றில் ஊனமாகவும் முடிகிறது.

மென்மையான அமிலங்கள் பிறகு வந்தன. 1974இல் யூஜின் வான் ஸ்காட்டும் ரூயி யூவும் ஆல்ஃபா ஹைட்ராக்ஸி அமிலங்கள் பற்றி எழுதினார்கள். கரும்பில் உள்ள கிளைகாலிக், புளித்த பாலில் உள்ள லாக்டிக் போன்றவை இந்த வகை. அவர்கள் எழுதியது அழகுக்காக அல்ல. மீன்செதில்போலத் தோல் தடித்து உதிரும் இக்தியோசிஸ் என்ற நோய்க்காக. நோய்க்கென வந்த மருந்து சில வருடங்களில் அழகுக்கு இடம் மாறியது. போட்டாக்ஸின் கதையும் இதுதான். கெட்டுப்போன இறைச்சியில் உருவாகி ஆளைக் கொல்லும் நஞ்சு, மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்குமான மருந்தாக 1989இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வான்கூவரைச் சேர்ந்த ஜீன், அலஸ்டேர் கரூதர்ஸ் தம்பதியினர் புருவச் சுருக்கத்துக்கு அதைப் பயன்படுத்தியது பற்றி 1992இல் எழுதினார்கள். 2002இல் அதற்கும் அனுமதி வந்தது. நோயாளி வாடிக்கையாளராகும் பாதை இது.

வலியில்லை, கத்தியில்லை என்ற வாசகமும் புதிதல்ல. 1896இல் வியன்னாவில் லியோபோல்ட் ஃப்ராய்ண்ட் எக்ஸ்ரே பட்டால் முடி உதிர்வதைக் கண்டு ஒரு சிறுமியின் முதுகில் சோதித்தார். 1920களில் அமெரிக்க அழகு நிலையங்களில் ‘டிரைக்கோ’ என்ற எக்ஸ்ரே எந்திரம் வந்தது. பெண்கள் ஒரு பெட்டியின் முன் சில நிமிடம் அமர்ந்திருந்தால் போதும், முகமுடி போய்விடும். ஒரு சுணைகூட இருக்காது. அவர்கள் ஏமாளிகள் அல்ல. முகத்தில் முடியிருந்தால் வேலையும் கிடைக்காது, மரியாதையும் கிடைக்காது என்று தெரிந்தவர்கள். வருடங்கள் கழித்துத் தோல் சுருங்கியது, புண் ஆனது, புற்று வைத்தது. 1970 வாக்கில், கதிரியக்கத்தால் பெண்களுக்கு வந்த புற்றுநோய்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த முடிநீக்கத்தால் வந்தவை என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்தப் பெண்கள் தேர்வு செய்யவில்லை என்று சொல்ல முடியாது. தேர்வு செய்தார்கள். தேர்வதற்கு வேண்டிய தகவல்தான் எந்திரத்தின் அந்தப் பக்கத்தில் இருந்தது.

3

இனி 1975க்கு வருவோம். நமக்கு அது நெருக்கடி நிலையின் ஆண்டு. தோலின் வரலாற்றில் அந்த ஒரே ஆண்டில் நான்கு காரியங்கள் நடந்தன. நான்கும் ஒன்றையொன்று அறியாமல் நடந்தவை. நான்கும் இன்று ஒரே சிகிச்சை அறையில் சந்திக்கின்றன.

முதலாவது, ஓர் அளவுகோல். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் சோரியாசிஸ் நோயாளிகளுக்குப் புற ஊதாக் கதிர் சிகிச்சை தருவதற்காகத் தோலை வகைப்படுத்தினார். வெயிலில் நின்றால் எரியுமா, கறுக்குமா என்பதுதான் கேள்வி. தொடக்கத்தில் வெள்ளைத் தோலுக்குள்ளேயே நான்கு வகைகள் இருந்தன. பழுப்புத் தோலும் கறுப்புத் தோலும் ஐந்து, ஆறு என்று பிறகே சேர்க்கப்பட்டன. வெள்ளைக்குள் நான்கு நுட்பங்கள், உலகின் மீதி மக்களுக்கு வாலில் இரண்டு எண்கள். இன்று எந்தக் கிளினிக்கில் பீல், லேசர் என்று போனாலும் மருத்துவர் முதலில் மனதில் போடுவது இந்த எண்ணைத்தான். தமிழர்களில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து என்ற வகைகளில் வருவோம்.

வகைப்படுத்தல் நமக்குப் புதிதல்ல. 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுகோலும் கையுமாக மூக்கையும் மண்டையையும் அளந்து தென்னிந்தியச் சாதிகளை ஏழு தொகுதிகளுக்குள் அடுக்கியதை (1909) அறிவோம். ஃபிட்ஸ்பாட்ரிக்கின் அளவுகோலும் தர்ஸ்டனுடையதும் ஒன்றுதான் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. ஒன்று ஆள்வதற்காக அளந்தது, இன்னொன்று கதிரின் அளவைக் கணிக்க அளந்தது. கறுத்த தோலுக்கு லேசர் வைக்கும்போது இந்த எண்ணைப் பார்க்காமல் வைத்தால் தோல் வெந்துபோகும் என்பது நிஜம். பிரச்சினை அளப்பதில் இல்லை. எந்தத் தோலை இயல்பு என்று வைத்து அளவைத் தொடங்குகிறோம் என்பதில் இருக்கிறது.

லேசரின் கோட்பாடு 1983இல் வந்தது. ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பேரிஷும், சரியான அலைநீளத்தையும் கால அளவையும் தேர்ந்தால் சுற்றியுள்ள திசு வேகாமல் இலக்கை மட்டும் சுடலாம் என்று காட்டினார்கள். முடி நீக்கத்தில் அந்த இலக்கு மெலனின். வெள்ளைத் தோலில் கறுத்த முடி என்றால் இலக்கு தெளிவாகத் தெரியும். தோலிலும் மெலனின் நிறைந்திருந்தால்? ஒளி முடியைத் தேடிப் போகும் வழியிலேயே தோலைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் நம் தோலுக்கு 1064 நானோமீட்டர் போன்ற நீண்ட அலைநீளம் பாதுகாப்பானது என்கிறார்கள். மெலனினை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அவை உண்டாக்கும் நிறத் துகள்களின் பருமனும் பரவலும்தான் வேறு. இன அறிவியல் கட்டிய பெரிய கோட்டையெல்லாம் இந்தத் துகளின் மேல்தான் நின்றது.

4

இரண்டாவது, ஒரு சூத்திரம். அதே 1975இல் பிலடெல்பியாவின் ஆல்பர்ட் கிளிக்மன் ஒரு கலவையை வெளியிட்டார். ஹைட்ரோகுவினோன் 5 சதம், டிரெட்டினாயின் 0.1 சதம், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 0.1 சதம். நோயில்லாத கறுப்புத் தோலில் ஐந்து முதல் ஏழு வாரங்கள் தினமும் தடவினால் நிறம் முற்றிலும் போகிறது என்று அந்தக் கட்டுரை பதிவுசெய்தது. மங்குக்கும் காயக் கறுப்புக்கும் மருந்து என்று அது பரிந்துரைக்கப்பட்டது.

கிளிக்மன் யார்? 1951 முதல் 1974 வரை பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளின் உடம்பில் சோதனைகள் நடத்தியவர். கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பர்கள். பலர் தண்டிக்கப்பட்டவர்கள்கூட அல்ல, ஜாமீனுக்குப் பணமில்லாமல் விசாரணைக்குக் காத்திருந்தவர்கள். முதுகில் சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டு லோஷன், பவுடர், மருந்து, ராணுவத்துக்கான ரசாயனம், டையாக்ஸின் என்று பலதும் சோதிக்கப்பட்டன. கைதிகளுக்குச் சில டாலர்கள் கிடைத்தன. சிறைக்குள் நுழைந்தபோது தன் கண்ணில் பட்டது ஏக்கர் கணக்கில் தோல்தான் என்ற பொருளில் கிளிக்மன் சொன்னதையே தலைப்பாக்கி ஆலன் ஹார்ன்ப்ளம் 1998இல் நூல் எழுதினார். பருவுக்கும் சுருக்கத்துக்கும் இன்று உலகமெங்கும் தடவப்படும் டிரெட்டினாயினின் வரலாறு இந்தச் சிறைச் சுவருக்குள் போகாமல் முழுமையாகாது. 2000இல் முன்னாள் கைதிகள் ஏறத்தாழ 300 பேர் வழக்குப் போட்டார்கள். காலம் கடந்துவிட்டது என்று அது தள்ளுபடியானது. பிலடெல்பியா நகரம் மன்னிப்புக் கேட்டது 2022இல்.

இந்தச் சூத்திரம் நம்மூருக்கு எப்படி வந்தது என்பதுதான் நமக்கான கதை. ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு என்ற அதே மூவர் கூட்டணி, அளவு மாற்றப்பட்டு, சிறு டியூபுகளில் மெடிக்கல் ஷாப்புகளுக்கு வந்தது. மருத்துவர் சில வாரங்களுக்கு எழுதிக்கொடுத்த மருந்து, ‘அக்கா, இதப் போடுங்க, ஒரே வாரத்துல பளிச்னு ஆயிடும்’ என்று கைமாறியது. ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆவதும் உண்மை, அதுதான் ஆபத்து. மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், ரத்தக்குழாய்கள் சிவந்து தெரியும், முடி முளைக்கும், பரு வெடிக்கும். நிறுத்தினால் முகம் எரியும். எரிச்சலுக்குப் பயந்து மறுபடியும் அதையே தடவுவார்கள். இந்தியத் தோல் மருத்துவர்கள் 12 மையங்களில் முகப் பிரச்சினைகளோடு வந்த 2926 பேரைப் பார்த்து 2011இல் வெளியிட்ட ஆய்வில் 433 பேர், அதாவது 14.8 சதம் பேர், முகத்தில் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தார்கள். இதற்கென்றே ‘ஸ்டீராய்டால் சேதமான முகம்’ என்று ஒரு நோய்ப்பெயரையும் அவர்கள் வைக்க வேண்டிவந்தது. 2018இல் இந்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்தாச்சு. கடைக்காரர் சீட்டுக் கேட்கிறாரா என்பதை வாசகர்கள் தங்கள் தெருவிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

5

மூன்றாவது, ஒரு எச்சரிக்கை. 1975இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா மருத்துவர்கள் நிறம் வெளுக்கும் கிரீம் தடவிய கறுப்பினப் பெண்களின் கன்னங்களில் ஒரு புதிய நோயை விவரித்தார்கள். வெளுக்கத் தடவிய இடத்தில் நீலங்கறுப்பாகப் படிவு இறங்கி, தோல் தடித்து, மணல்மணலாகியிருந்தது. ஓக்ரனோசிஸ் என்று பெயர். காரணம் ஹைட்ரோகுவினோன். இந்தக் கறுப்பைப் போக்குவது மிகவும் கடினம். வெளுப்புக்கான தேடல் மீள முடியாத கறுப்பில் முடிந்தது.

இந்த வகை ரசாயனம் நிறம் அழிக்கும் என்று உலகுக்குத் தெரியவந்தது ஒரு தோல் பதனிடும் ஆலையில். 1930களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் தொழிலாளர்களின் கைகளும் முன்கைகளும் திட்டுத்திட்டாக வெளுத்தன. அவர்கள் கறுப்பர்கள். ஆராய்ந்தபோது அவர்கள் அணிந்திருந்த ரப்பர் கையுறையில் ஹைட்ரோகுவினோனின் உறவுக்கார ரசாயனம் ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது தெரிந்தது. தொழிலாளிக்கு அது நோய். வணிகத்துக்கு அது யோசனை. மிருகத்தின் தோலைப் பதப்படுத்தும் இடத்தில் மனிதத் தோலுக்கு நேர்ந்த விபத்து, வேறொரு இடத்தில் பண்டமானது. ஃபிரான்ஸ் ஃபனான் 1952இல் ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’ நூலில், கறுப்பரை வெளுக்கச் செய்யும் ஊசிமருந்தைத் தேடிக்கொண்டிருக்கும் ஆய்வகங்களைப் பற்றிக் கசப்போடு குறிப்பிட்டதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

தென்னாப்பிரிக்காவில் அடுத்து நடந்ததுதான் நமக்கு முக்கியம். கறுப்புப் பிரக்ஞை இயக்கம் இதை அரசியலாக்கியது. ஸ்டீவ் பிகோ 1976இல் நீதிமன்றத்தில் சாட்சியம் சொன்னபோது, ‘கறுப்பே அழகு’ என்ற முழக்கத்தின் பொருளை விளக்க வெளுக்கும் கிரீம்களையும் முடியை நேராக்கும் கருவிகளையும் சுட்டிக்காட்டினார். கிரீம் தடவிய பெண்களை அவர் குற்றவாளிகளாக்கவில்லை. அவர்களைத் தங்கள் தோலையே வெறுக்கும்படி செய்த அமைப்பைத்தான் கூண்டில் ஏற்றினார். மருத்துவர்களும் இயக்கத்தவர்களும் தொடர்ந்து போராடி, 1990இல் அந்த நாடு ஹைட்ரோகுவினோன் கலந்த அழகுப் பொருட்களைத் தடைசெய்தது. ‘வெளுக்கும்’, ‘வெண்மையாக்கும்’ என்று விளம்பரம் செய்வதையும் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் இந்த ரசாயனத்தை அழகுப் பொருட்களிலிருந்து நீக்கியது 2001இல். அமெரிக்காவில் அது கடையில் தானாக வாங்க முடியாததானது 2020இல். இந்த விஷயத்தில் பின்தொடர்ந்தவை வளர்ந்த நாடுகள்.

6

நான்காவது, ஒரு கிரீம். 1975இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ‘ஃபேர் அண்ட் லவ்லி’யைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்னும் ஸ்னோ இருந்தது, பவுடர் இருந்தது. பம்பாயின் ‘ஆப்கான் ஸ்னோ’ 1919இலிருந்தே இருந்தது. ஆனால் ஆறு வாரத்தில் நிறம் ஏறும் என்று வாரக் கணக்கு சொல்லி விற்பது புதிது. வேலை, கல்யாணம், தன்னம்பிக்கை எல்லாமே நிறத்தின் விளைவுகள் என்ற சொல்லாடலை அந்த விளம்பரங்கள் வீடுவீடாகக் கொண்டுசேர்த்தன. அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் தொடர்ந்து புகார் செய்ததன் பேரில் 2003இல் இரண்டு விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. 2020இல், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டதைத் தொடர்ந்து உலகெங்கும் எழுந்த கொந்தளிப்பில், பெயர் ‘குளோ அண்ட் லவ்லி’ என்று மாறியது. ‘வெண்மை’ போய் ‘பொலிவு’ வந்தது. குறிப்பான் மாறியிருக்கிறது. குறிக்கப்படுவது மாறியிருக்கிறதா என்பதைத் திருமண விளம்பரப் பக்கத்தில் பார்க்கலாம்.

ஆனால் எல்லாப் பழியையும் பன்னாட்டு நிறுவனத்தின் மேல் போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. தமிழில் வெளுத்தவர்களை ‘வெள்ளை’ என்றா சொல்கிறோம்? ‘செவப்பு’ என்கிறோம். ‘பொண்ணு கறுப்புதான், ஆனா களையா இருக்கும்’ என்ற வாக்கியத்தில் அந்த ‘ஆனா’ எந்தக் கம்பெனியும் இறக்குமதி செய்ததல்ல. கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே ‘மாநிறம்’ என்ற சமரசச் சொல்லையும் நாமே உண்டாக்கிக்கொண்டோம். விளம்பரத் தமிழ் இவற்றின் மேல் ‘சிவப்பழகு’ என்ற சொல்லைக் கட்டிக்கொண்டது, அவ்வளவுதான். மஞ்சளையும் இந்த இடத்தில் யோசிக்க வேண்டும். மஞ்சள் பூசிக் குளிப்பது இயற்கை அழகு என்று இன்று பெருமையோடு பேசப்படுகிறது. கணவனை இழந்தவளுக்கு அந்த மஞ்சள் மறுக்கப்பட்டது. எந்தத் தோல் எதைப் பூசலாம் என்று ஆட்சி செய்த சமூகம் நம்முடையது.

இன்னொரு முரணும் உண்டு. 1945இல் பெரியார் கருஞ்சட்டைப் படையைத் தொடங்கினார். கறுப்பு இழிவின் நிறமாக அறிவிக்கப்பட்டு, அந்த இழிவை எதிர்க்கும் நிறமாக உடுத்தப்பட்டது. பெண்கள் நகையையும் நீண்ட கூந்தலையும் உதற வேண்டும் என்றும் அவர் பேசினார். உடுத்திய கறுப்பு தோலின் கறுப்புக்கு வந்து சேரவில்லை. நம் சினிமாவில் கறுத்த கதாநாயகன் வந்தான். கறுத்த கதாநாயகி வருவது அபூர்வமாகவே இருந்தது. கருஞ்சட்டை போட்ட வீட்டிலும் பெண் பார்க்கும்போது நிறம் பார்த்தார்கள்.

இந்தப் பின்புலத்தில் ‘நுகர்வுக் கலாச்சாரம்’ என்று சொல்லி ஒரு பெண்ணைக் கேலி செய்ய நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நிறத்தை வைத்து அவளுக்குச் சம்பளமும் சம்பந்தமும் நிர்ணயிக்கும் சமூகம்தான் அவள் கிரீம் வாங்கினால் மேம்போக்கானவள் என்கிறது. அதோடு, கிளினிக் படியேறும் எல்லோரும் வெளுக்கப் போகவில்லை. பருத்தழும்பு வலிக்கிற விஷயம். இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி கண்டறியப்பட்டதும் அதே 1975 மே மாதத்தில்தான். அதுவரை அம்மைத் தழும்பு ஊரில் பலருக்கு இருந்தது. இன்று தழும்போடு இருப்பவர் தனித்துத் தெரிகிறார். அந்தத் தனிமையைக் குறைத்துக்கொள்ள ஒருவர் விரும்புவதில் அரசியல் பிழை எதுவும் இல்லை.

7

சரி, அப்படியானால் முதல் சிகிச்சையைத் தேர்பவருக்கு வரலாறு என்ன சொல்கிறது? இதைக் கோட்பாட்டுக் கட்டுரையில் பேசக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

முதலில், அவசரமில்லை. நிறத் திட்டு, மங்கு, காயக் கறுப்பு ஆகியவற்றுக்குத் தோல் மருத்துவர்கள் முதலில் சொல்வது வெயிலிலிருந்து பாதுகாப்பும் சில மாதப் பொறுமையும்தான். மங்கு திரும்பத் திரும்ப வரக்கூடியது. லேசரும் ஆழமான பீலும் அதைக் கூட்டிவிடவும் கூடும். இரண்டாவது, நம் தோலுக்கு முதல் காயம் சிறியதாகவே இருக்க வேண்டும். பருவுக்கும் எண்ணெய்ப் பசைக்கும் சாலிசிலிக், மற்றவற்றுக்குக் குறைந்த அடர்த்தியில் கிளைகாலிக், லாக்டிக், மாண்டலிக் என்று மேலோட்டமான பீலில் தொடங்கி, பல வார இடைவெளியில் போவதே வழக்கம். ஆழமான பீனால் நம் தோலுக்கானதே அல்ல. மூன்றாவது, லேசர் என்றால் எந்த அலைநீளம், காதோரம் சிறிய இடத்தில் சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும். நான்காவது, நாமாகச் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. தழும்பு தடித்து வளரும் உடல்வாகு, வாயோரக் கொப்புளம் வந்த பழக்கம், கர்ப்பம், பருவுக்குச் சாப்பிடும் மாத்திரை, ஏற்கனவே தடவிக்கொண்டிருக்கும் டியூபின் பெயர். கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலோர் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள்.

வெளுக்கவென்று போடப்படும் குளுடாதயோன் ஊசியை முதல் சிகிச்சையாக மட்டுமல்ல, எந்தச் சிகிச்சையாகவும் ஏற்க முடியாது. பெயரில்லாத டப்பாவில் வரும் கிரீமும் அப்படித்தான். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021க்கும் 2023க்கும் இடையில் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில் 13 பேர் நிறமேற்றும் கிரீம் தடவியவர்கள் என்று மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். சந்தேகம் பாதரசத்தின் மேல். பாதரசம் கலந்த அழகுப் பொருட்களை ஒழிப்பதாக 2013இலேயே மினமாட்டா உடன்படிக்கையில் நாடுகள் ஒப்புக்கொண்டிருந்தன. முகத்தில் தடவியது சிறுநீரகத்துக்குப் போகிறது. தோல் வெறும் மேற்பரப்பு அல்ல.

இதில் வர்க்கத்தின் கேள்வியும் இருக்கிறது. பீல் முடிந்ததும் ‘ரெண்டு வாரம் வெயில்ல போகாதீங்கம்மா’ என்பார்கள். பூ விற்பவரும் சித்தாளும் களையெடுப்பவரும் எங்கே போவார்கள்? அவர்களுக்கு அந்தச் சிகிச்சை வேண்டாம் என்று சொல்வதைவிட, அவர்களுடைய வேலை நிலைமையைக் கேட்டறிந்து அதற்கேற்ற மருந்தையும் காலத்தையும் சொல்லும் மருத்துவம் வேண்டும். மழைக்காலத்தில் தொடங்கலாம். சிகிச்சையே தள்ளிப்போகலாம். அரசு மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. அங்கே நிற்க வேண்டியது வரிசையில். கிளினிக் கேட்கும் பணத்தோடு ஒப்பிட்டால் அந்த வரிசை பெரிய விஷயமில்லை.

பிலடெல்பியாவின் கைதிக்குத் தன் முதுகில் தடவப்பட்டது என்ன என்று தெரியாது. இல்லினாய் தொழிலாளிக்குக் கையுறையில் இருப்பது தெரியாது. டிரைக்கோ பெட்டியின் முன் அமர்ந்தவருக்கு உள்ளே இருந்த கதிர் என்ன செய்யும் என்று தெரியாது. மலப்புறத்தில் டப்பா வாங்கியவருக்கும் தெரியாது. நூறு வருடமாக மாறாமலிருப்பது இதுதான். தென்னாப்பிரிக்காவில் இதை மாற்றியது ஒரு பெண்ணின் தனிப்பட்ட விழிப்புணர்வு அல்ல. இயக்கமும் மருத்துவர்களும் சேர்ந்து கொண்டுவந்த சட்டம். நாமும் அதைக் கேட்கலாம். களிம்பில் ஸ்டீராய்டோ ஹைட்ரோகுவினோனோ இருந்தால் அது தமிழில், படிக்கிற எழுத்தில், டியூபின் மேல் அச்சிடப்பட வேண்டும். கிளினிக்கில் போட்ட அமிலத்தின் பெயரும் அடர்த்தியும், லேசரின் அலைநீளமும், செய்தவரின் தகுதியும் ரசீதிலேயே எழுதித் தரப்பட வேண்டும். நிற வெளுப்பை வாக்களிக்கும் விளம்பரத்தைத் தண்டிக்க, 1954இன் மருந்து விளம்பரச் சட்டத்துக்கு 2020இல் முன்வைக்கப்பட்ட திருத்த வரைவு நிறைவேற்றப்பட வேண்டும். அதுவரை, படியேறப் போகிற தோழி ஒருத்தி நம்மிடம் யோசனை கேட்டால், பிரசங்கம் செய்யாமல் அவளோடு கூடப் போவோம். உள்ளே போனதும் முதலில், ‘டாக்டர், இதோட பேர ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க’ என்று கேட்போம்.